ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஆயில்? கடைக்காரர் அறிய வேண்டியவை



ஆயில் வியாபாரத்தில் நெடுங்காலம் இருப்பவர்களுக்கு ஒரு காலம் நினைவிருக்கும். அம்பாசடர், பியட், ஜீப், லாரி எல்லாவற்றுக்கும் ஒரே பேரலில் இருந்து அளந்து ஊற்றிக் கொடுத்தோம். வாடிக்கையாளர் நம்மிடம் கேள்வி கேட்டதில்லை, நாமும் அவரிடம் கேட்டதில்லை. இன்று அப்படி இல்லை. விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரிய நகரங்களைத் தாண்டி நம் ஊர்களுக்கும் வந்துவிட்டன. பழைய காராக வாங்கி ஓட்டும் இளைஞர்கள் கம்பெனி சர்வீஸ் கட்டணம் கட்டுப்படியாகாமல் நம் கடைப் படி ஏறுகிறார்கள். அவர்களுக்கு எதைக் கொடுப்பது என்பதில் நானே ஒருமுறை தவறினேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர் போன் செய்தார். "அண்ணாச்சி, ஒரு தம்பி ஸ்போர்ட்ஸ் கார் கொண்டு வந்திருக்கார். புத்தகத்துல 0டபிள்யூ-40னு போட்டிருக்கு. நம்மகிட்ட 20டபிள்யூ-50தான் இருக்கு. குடுக்கலாமா?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லதுப்பா, தாராளமாக் குடு" என்று சொல்லிவிட்டேன்.

நான்கைந்து மாதம் கழித்து அந்த இளைஞர் பில்லோடு வந்து நின்றார். காலையில் ஸ்டார்ட் செய்தால் என்ஜினில் சத்தம், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு. ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் பார்த்து டைமிங் செயின் பகுதியில் வேலை இருக்கிறது என்றார்கள். ஆனால் கம்பெனி குறிப்பிட்ட ஆயில் போடாததால் வாரண்டி தர முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். ஆயில்தான் காரணமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் 20டபிள்யூ-50 என்று எழுதிய பில்லில் கடையின் பெயர் இருந்தது. சொன்ன வாய் என்னுடையது. செலவை அந்தக் கடைக்காரரும் நானும் ஆளுக்குப் பாதியாக ஏற்றுக்கொண்டோம். அதன் பிறகுதான் நான் டப்பாவில் இருப்பதைப் படிக்க ஆரம்பித்தேன். படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஸ்போர்ட்ஸ் காரின் தனித்தன்மை

ஆயிலின் வேலை எல்லா என்ஜினிலும் ஒன்றுதான். உரசும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே படலமாக நிற்க வேண்டும், சூட்டை வாங்கிச் செல்ல வேண்டும், கரியையும் அழுக்கையும் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரில் இந்த மூன்றும் கடுமையாகின்றன. உதாரணமாக, 1999-இல் வெளிவந்த ஹோண்டா எஸ்2000 காரின் என்ஜின் நிமிடத்துக்கு 9000 சுற்று வரை போகும். அப்படியானால் ஒரு விநாடிக்கு 150 சுற்று. அந்த ஒரு விநாடிக்குள் ஒவ்வொரு பிஸ்டனும் 150 தடவை மேலே போய்க் கீழே வந்தாக வேண்டும். டர்போ வைத்த காரில் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதன் ஒரு பக்கம் புகைக் குழாயின் தணல் சூட்டில் இருக்கும். அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே.

டப்பாவில் உள்ள எண்களின் பொருள்

5டபிள்யூ-30, 0டபிள்யூ-40, 10டபிள்யூ-60 என்பவை எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் வகுத்த தரக் குறியீடுகள். டபிள்யூ என்பதை எடை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது வின்டர், அதாவது குளிர்காலம் என்பதைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எவ்வளவு இளகலாக இருந்து என்ஜினைச் சுழல விடுகிறது என்பதைச் சொல்லும். 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30-இலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15-இலும் சோதிக்கிறார்கள்.

பின்னால் உள்ள எண், என்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பது. 100 டிகிரி சூட்டில் அளந்து சென்டிஸ்டோக் என்ற அலகில் சொல்வார்கள். 20 என்றால் 6.9 முதல் 9.3 வரை, 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை, 60 என்றால் 21.9 முதல் 26.1 வரை.

இதிலிருந்து ஒரு விஷயம் விளங்கும். 0டபிள்யூ-40 என்பது தண்ணீர் மாதிரியான ஆயில் என்று ஒதுக்குவது தவறு. என்ஜின் சூடான பின் 0டபிள்யூ-40, 15டபிள்யூ-40 இரண்டும் ஒரே வரம்புக்குள்தான் இருக்கும். வேறுபாடு ஆறிய நிலையில்தான்.

"நம் ஊரில் பனியா பெய்கிறது? 0டபிள்யூ எதற்கு?" என்ற கேள்வி வரும். எனக்கும் வந்தது. ஆயில் வேலை செய்யும் சூடு 100 டிகிரிக்குப் பக்கம். அதோடு ஒப்பிட்டால் நம் ஊர்க் காலை நேரமும் ஆயிலுக்குக் குளிர்தான். 40 டிகிரியில் வைத்துப் பார்த்தாலே 20டபிள்யூ-50 ஆயில் 0டபிள்யூ-40 ஆயிலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கெட்டியாக இருக்கும். இரவெல்லாம் நின்ற காரை ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் மேலே ஏறிச் சேரும் வரை பாகங்கள் உரசும். அந்த நேரத்தைக் குறைப்பதுதான் முன் எண்ணின் பயன்.

வெயிலுக்குக் கெட்டி ஆயில் என்ற நம் பழைய கணக்கும் முழுதாகச் சரியல்ல. தண்ணீரால் குளிரும் என்ஜினின் சூட்டைத் தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்துகிறது. வெளியே 25 டிகிரியானாலும் 40 டிகிரியானாலும் உள்ளே சூடு பெரிதாக மாறுவதில்லை. ஆயிலை அதிகம் சூடாக்குவது ஊர் வெயிலைவிட ஓட்டும் விதம்தான்.

வேகமான கார் என்றால் கெட்டி ஆயிலா?

இதுதான் கவுண்டரில் நாம் அதிகம் செய்யும் தவறு. சில கார்களின் உண்மை நிலையைப் பாருங்கள்.

9000 சுற்று ஓடும் ஹோண்டா எஸ்2000-க்குக் கம்பெனி சொன்னது 10டபிள்யூ-30 மட்டுமே. 2007 முதல் 2013 வரை வந்த வி8 என்ஜின் பி.எம்.டபிள்யூ. எம்3 கார் 8400 சுற்றுதான் ஓடும். ஆனால் அதற்குச் சொன்னது 10டபிள்யூ-60. நிசான் ஜிடி-ஆர் காருக்கு 0டபிள்யூ-40. டொயோட்டா ஜிஆர்86 காருக்கு 0டபிள்யூ-20. எல்லாமே ஸ்போர்ட்ஸ் கார்கள்தான். ஆனால் ஆயில் நான்கு விதம்.

காரணம், பேரிங்குக்கும் கிராங்க் தண்டுக்கும் இடையே விடப்படும் இடைவெளி, ஆயில் பம்ப்பின் அளவு, வால்வுகளை இயக்கும் முறை ஆகியவற்றை ஒவ்வொரு கம்பெனியும் ஒரு குறிப்பிட்ட ஆயிலை மனதில் வைத்தே வகுக்கிறது. 10டபிள்யூ-60 கேட்கும் என்ஜினில் 5டபிள்யூ-30 ஊற்றினால் சூட்டில் படலம் அறுந்து பேரிங் தேயும். இளகல் ஆயில் கேட்கும் என்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் வேறு தொல்லை. ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். அழுத்தம் மிகுந்து பில்டரின் பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும், வடிகட்டாத ஆயில் உள்ளே சுற்றும். இன்றைய என்ஜின்களில் வால்வு திறக்கும் நேரத்தை ஆயில் அழுத்தமே மாற்றி அமைக்கிறது. கெட்டி ஆயிலில் அந்த அமைப்பு தாமதமாக வேலை செய்து எச்சரிக்கை விளக்கு எரியும்.

பெயரை மட்டும் கேட்டு ஆயில் எடுத்து வைப்பதும் கூடாது. மேலே சொன்ன எம்3 காரின் அடுத்த தலைமுறைக்கு டர்போ என்ஜின் வந்தது. அதற்கு 10டபிள்யூ-60 கிடையாது. பெயர் ஒன்றே, ஆயில் வேறு. எனவே மாடலோடு வருடத்தையும் கேட்க வேண்டும்.

அளவையும் கேளுங்கள். அந்த வி8 எம்3 காருக்குச் சுமார் 9 லிட்டர் ஆயில் பிடிக்கும். நாம் வழக்கமாக எடுத்து வைக்கும் ஒரு கேன் அதற்குப் பாதிகூட வராது. பாதி ஒரு பிராண்டு, மீதி வேறு பிராண்டு என்று அவர் கலக்க நேர்ந்தால் அது நம் குறை.

எழுத்துகளைப் பார்க்கும் முறை

எண் கெட்டித்தன்மையை மட்டுமே சொல்லும். தரத்தைச் சொல்வது எழுத்து. ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் வட்ட முத்திரையில் பெட்ரோல் என்ஜினுக்கு எஸ் என்ற எழுத்தில் தொடங்கும் தரம் இருக்கும். 2010-இல் எஸ்.என்., 2020-இல் எஸ்.பி., 2025-இல் எஸ்.க்யூ. என்று தரம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

எஸ்.பி. தரத்துக்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ என்ஜின்களில், குறைந்த சுற்றில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது, பிளக் பொறி தரும் முன்பே கலவை தானாகத் தீப்பற்றும் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. பிஸ்டனையே உடைக்கக்கூடியது அது. ஆயிலில் சேர்க்கும் கால்சியம் சுத்திகரிப்பு மருந்து அதற்குத் துணைபோகிறது என்று தெரிந்து, அதைக் குறைத்து மெக்னீசியம் சேர்த்துப் புதிய கலவைகள் செய்தார்கள். 2018-இல் வந்த எஸ்.என். பிளஸ் தரமும் அடுத்து வந்த எஸ்.பி.யும் இந்தச் சோதனையைக் கொண்டவை. ஆகவே இன்றைய டர்போ காருக்குப் பழைய எஸ்.எல்., எஸ்.எம். டப்பாவை விலை குறைவு என்று தள்ளிவிடுவது பாவம்.

ஐரோப்பியக் கார்களுக்கு இதுவும் போதாது. ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதித்து ஒப்புதல் எண் கொடுக்கிறது. போர்ஷேவுக்கு ஏ40 அல்லது சி30, மெர்சிடிஸுக்கு 229.5, பி.எம்.டபிள்யூ.வுக்கு லாங்லைஃப்-01, ஃபோக்ஸ்வாகனுக்கு 502 00 என்பவை அப்படிப்பட்டவை. வண்டியின் புத்தகத்தில் என்ன எண் உள்ளதோ அதே எண் டப்பாவின் பின்புறம் இருக்க வேண்டும். இங்கே சொற்களைக் கூர்ந்து பாருங்கள். ஒப்புதல் பெற்றது என்று எழுதியிருந்தால் கார் கம்பெனி சோதித்து ஏற்றது என்று பொருள். பொருந்தும், பரிந்துரைக்கப்படுகிறது என்று மட்டும் இருந்தால் அது ஆயில் கம்பெனியின் சொந்த வார்த்தை. இரண்டும் ஒன்றல்ல.

புகை வடிகட்டி வைத்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைவான ஆயில் தேவை. ஐரோப்பியத் தரத்தில் சி என்ற எழுத்து வரிசை அது. ஏ3/பி4 வரிசை ஆயில் எவ்வளவு உயர்ந்ததானாலும் சி கேட்கும் வண்டிக்கு ஆகாது, அந்த வடிகட்டி நாளடைவில் சாம்பலால் அடைபடும்.

சிந்தடிக் என்ற சொல்

பந்தய வண்டிகளின் ஆயில் கதை நம் கடை விளக்கெண்ணெயில்தான் தொடங்குகிறது. 1909-இல் இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு கம்பெனி ஆமணக்கு எண்ணெய் கலந்த ஆயிலை வெளியிட்டபோது, கேஸ்டர் என்ற சொல்லிலிருந்தே காஸ்ட்ரால் என்று பெயரிட்டது. முதல் உலகப் போர் விமானங்களிலும் விளக்கெண்ணெய் ஓடியது. உலோகத்தோடு ஒட்டி நிற்பதில் அதற்கு நிகரில்லை. ஆனால் சூட்டில் பிசினாகிப் படிந்துவிடும். அதனால் நாள்தோறும் ஓட்டும் வண்டிக்கு ஒத்துவரவில்லை.

பின்னாளில் இரசாயன முறையில் தயாரித்த பி.ஏ.ஓ., எஸ்டர் போன்ற சிந்தடிக் ஆயில்கள் வந்தன. 1992 மாடல் முதல் அமெரிக்காவின் கார்வெட் கார்கள் தொழிற்சாலையிலேயே சிந்தடிக் ஆயில் நிரப்பி வெளிவந்தன. 1999-இல் அங்கே ஒரு தகராறு எழுந்தது. கச்சா எண்ணெயிலிருந்தே மிக உயர்வாகச் சுத்திகரித்த மூன்றாம் வகை ஆயிலையும் சிந்தடிக் என்று அழைக்கலாமா என்பது கேள்வி. அழைக்கலாம் என்று விளம்பரச் சுய ஒழுங்கு அமைப்பு முடிவு சொன்னது. அன்றிலிருந்து சிந்தடிக் என்ற ஒரே சொல்லுக்குள் பல வகைச் சரக்கு அடங்குகிறது. ஆகவே அந்தச் சொல்லை மட்டும் காட்டி விற்காதீர்கள். ஒப்புதல் எண்ணைக் காட்டி விற்பதே பத்திரமானது.

பந்தயத் தடத்துக்குப் போகும் வண்டி

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி ஸ்பீட்வேயிலும் பந்தயத் தடங்கள் இருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். அங்கே சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டுபவர் வந்தால் கூடுதலாக ஓரிரு விஷயம் கேட்க வேண்டும். தொடர்ந்து முழு வேகத்தில் ஓட்டும்போது ஆயில் சூடு சாலை ஓட்டத்தைவிட மிகவும் ஏறிவிடும். சில கம்பெனிகள் இதற்கெனத் தனி ஆயில் சொல்கின்றன. ஏழாம் தலைமுறைக் கார்வெட்டுக்குச் சாலையில் 5டபிள்யூ-30 என்றும், தடத்தில் ஓட்ட 15டபிள்யூ-50 என்றும் இருந்தது. இதைப் பார்த்து எல்லாத் தடக் காருக்கும் 50 கொடுக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புத்தகம் சொன்னால் மட்டுமே.

தடத்தில் அளவு முக்கியம். வேகமாக வளைவில் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சினால் நொடியில் பேரிங் போய்விடும். அதற்காகவே சில கார்களில் ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் முறை உண்டு. அதே நேரம், பயந்துகொண்டு அரை லிட்டர் கூடுதலாக ஊற்றினால் கிராங்க் அடித்து நுரையாகிவிடும். நுரை பாரம் தாங்காது. டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டக் கூடாது.

பைக்குக்கு இது ஆகாது

காருக்கு வாங்கும் இளைஞர், மீதி ஆயிலைத் தன் ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஊற்றலாமா என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்ந்திருப்பதால் கிளட்ச் வழுக்கும். பைக்குக்கு ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற ஜப்பானியத் தரம் டப்பாவில் இருக்க வேண்டும்.

கவுண்டரில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. மாடல், வருடம், பெட்ரோலா டீசலா, டர்போ உண்டா என்று கேளுங்கள். வண்டியின் புத்தகத்தில் ஆயில் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வரச் சொல்லுங்கள்.

2. எண், தரம், ஒப்புதல் மூன்றும் பொருந்தினால் கொடுங்கள். ஒன்று இல்லையென்றாலும் "இரண்டு நாளில் வரவழைத்துத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். மொத்த வியாபாரிகளான நாங்கள் ஒரு கேன் ஆனாலும் அனுப்பக் கடமைப்பட்டவர்கள்.

3. பில்லில் வெறுமனே ஆயில் என்று எழுதாமல் பிராண்டு, எண், தரம், பேட்ச் நம்பர் எழுதுங்கள். வாடிக்கையாளருக்கு அது வாரண்டிக்குச் சான்று, நமக்கும் பாதுகாப்பு.

4. உடையாத சீலோடு டப்பாவைக் கையில் கொடுங்கள். காலி டப்பாக்களை ஓட்டை போட்டுப் பிறகே பழைய பொருள் வியாபாரிக்குப் போடுங்கள். போலி ஆயில் நம் காலி டப்பாவில்தான் திரும்பி வருகிறது.

5. கூடுதல் லாபம் கருதி ஆயிலில் கலக்கும் மருந்துப் புட்டிகளைத் திணிக்காதீர்கள். நல்ல ஆயிலில் தேவையான மருந்து அளவாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது.

6. "இதைப் போடுங்கள், ஒன்றும் ஆகாது, நான் பொறுப்பு" என்ற வார்த்தை வேண்டவே வேண்டாம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்ற தனி அத்தியாயம் உண்டு. தயாரிப்பாளர் தந்த உத்தரவாதத்துக்கு மேலாக விற்பவர் தாமாக ஓர் உத்தரவாதம் தந்து, பொருள் அதன்படி அமையாமல் தீங்கு நேர்ந்தால், அந்தத் தீங்குக்கு விற்பவரும் பொறுப்பாவார். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டலாம். அதற்கு மேல் ஒரு சொல் கூட்டினால் அது நம் தலையில் விழும்.

இவ்வளவும் ஒரு கேன் ஆயில் விற்கவா என்று தோன்றலாம். அந்த இளைஞரின் பில்லைக் கையில் வாங்கிய நாளில் எனக்கு உறைத்தது, விற்காமல் அனுப்பிய வாடிக்கையாளர் திரும்பி வருவார், தவறாக விற்று அனுப்பியவர் வரமாட்டார் என்பதுதான். ஆனால் அந்த இளைஞர் இன்றும் அதே கடையில்தான் ஆயில் வாங்குகிறார். செலவில் பங்கேற்றதற்காக மட்டும் அல்ல. அடுத்த முறை அவர் வந்தபோது கடைக்காரர் முதலில் கேட்டது, "புத்தகம் கொண்டு வந்தீங்களா தம்பி?" என்பதுதான்.

நம் கடைகளிலும் அந்தக் கேள்வி வழக்கமாகட்டும். வணிகம் நேர்மையோடு வளரட்டும்.